மூன்றாம் தண்ணீர்

அம்மை கண்டவர்களுக்கு மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்றாம் தண்ணீர் முடியும்வரை ஊசி, மருந்து, டாக்டர் எதுவும் வாசற்படி ஏறக் கூடாது. தொண்ணூறுகளில் திருநெல்வேலி டவுணில் எங்கள் தெரு முழுக்க இதுதான் சட்டம். நான் பாளையங்கோட்டையில் ஓர் ஆய்வகத்தில் கிருமிகளை வளர்த்துப் பார்க்கும் வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டிலும் அதே சட்டம்தான்.

அம்மை கண்டபோது தங்கைக்குப் பத்தொன்பது வயது. இரண்டாம் தண்ணீருக்குப் பிறகு கொப்புளங்கள் காய்ந்துவிட்டன. தொடையில் ஒன்று மட்டும் சிவந்து, வீங்கி, சீழ் வைத்தது. காய்ச்சலும் திரும்பியது.

"ஆத்தா இன்னும் இறங்கல," என்று அம்மா புது வேப்பிலையைப் பரப்பினாள்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் பஞ்சுக் குச்சியால் அந்தச் சீழைத் தொட்டெடுத்தேன்.

"எக்கா, என்ன செய்யுத?"

"சும்மா கெட. அம்மாட்ட சொல்லிராத."

சிரித்தாள். சொல்லவும் இல்லை.

மறுநாள் ஆய்வகத்தில், கிருமி வளர்க்கும் தட்டில் மஞ்சள் புள்ளிகளாகக் கிருமி வளர்ந்திருந்தது. அது ரத்தத்தை உறைய வைக்கிறதா என்று சோதிக்க, மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த தெளிநீரான பிளாஸ்மா வேண்டும். எங்களில் யாராவது ரத்தம் கொடுக்கக் கையை நீட்டுவோம். அன்று நான் நீட்டினேன். மதியத்துக்குள் சோதனைக் குழாயில் அந்தக் கிருமி கலந்த என் பிளாஸ்மா தயிராக உறைந்துவிட்டது. சாய்த்தேன், அசையவில்லை. பொல்லாத கிருமிதான். அதற்கு ஊசி இருந்தது.

வீட்டுக்கு வந்து, "டாக்டர்ட்ட காட்டுவமாம்மா?" என்றேன்.

"ஏட்டி, ஆத்தா வீட்ல இருக்கும்போது ஊசி போட்டா கோவிச்சுக்கிட மாட்டாளா? நாளக் கழிச்சு மூணாம் தண்ணி. பொறவு எங்க வேணா கூட்டிட்டுப் போ."

குழாயைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. திருட்டுத்தனமாக எடுத்ததைச் சொன்னால் ஏச்சு விழும். இரண்டு நாள்தானே என்றும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மூன்றாம் தண்ணீருக்கு அவளால் எழுந்து உட்கார முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் போய்விட்டாள்.

உறைந்தால் இன்ன கிருமி என்பதோடு என் படிப்பு நின்றிருந்தது. எதற்காக உறைய வைக்கிறது என்பதைப் பின்னால்தான் புத்தகத்தில் படித்தேன். அதன் புரதங்கள் ஒரு வேலையோடு நிற்பதில்லை. புண்ணில் ஒட்டிக்கொள்ள உதவும் புரதமே நம் உறைந்த ரத்தத்தின் நார்களை மேலே இழுத்துப் போர்த்திக்கொள்ளவும் உதவுகிறது. இன்னொன்று, கிருமியைப் பிடிக்க வரும் எதிர்ப்பொருளை வால் பக்கமாகப் பிடித்துத் தலைகீழாக மாட்டிக்கொள்கிறது. காவலுக்கு வரும் வெள்ளணுக்களுக்கு அந்தக் கிருமி நம் வீட்டு ஆளாகத் தெரியும். இன்றும் உறைந்த குழாயைக் கையில் எடுத்தால், "எக்கா, என்ன செய்யுத?" என்று காதருகே கேட்கிறது. பயமாகவே இருக்கிறது.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா ஒன்றையே சொன்னாள்: "ஆத்தா ஆசப்பட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா." அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நடமாடினாள்.

வருஷம் திரும்பியதும் ஒரு நாள், கீரை ஆய்ந்துகொண்டே, என்னை ஏறிட்டுப் பார்க்காமல் கேட்டாள்.

"டாக்டர்ட்ட காட்டுவமான்னு அன்னைக்குக் கேட்டியே. ஒனக்கு எதும் தெரிஞ்சுதாட்டி?"

"இல்லம்மா," என்றேன். "அது அம்மைதான்."