அன்ரன் அண்ணையின் ரிப்போர்ட்டை நான்தான் ரைப் செய்தேன்

அன்ரன் அண்ணை போய்விட்டார். இன்று காலை, பாலையூற்றில், தன் வீட்டிலேயே.

செய்தி கேட்டதிலிருந்து எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வருகிறது… மன்னியுங்கள், அதோடுதான் எழுதுகிறேன்.

அவரைத் தெரியாதவர்களுக்கு: திருகோணமலை டவுனில் ஒரு தனியார் லாப்பில் நாங்கள் இருவரும் ஒன்பது வருடம் ஒன்றாக வேலை செய்தோம். இரத்தம் எடுப்பதும் மெஷினில் போட்டுச் சோதிப்பதும் அவர். வருகிற ரிசல்ட்டை ரைப் செய்து கவுண்டரில் கொடுப்பது நான்.

ஒருமுறை மூதூரிலிருந்து ஒரு பிள்ளை தன் வாப்பாவின் ரிப்போர்ட் எடுக்க வந்தாள். இரத்தத்தை முதல் நாள் அங்கேயே எடுத்து, பஸ்ஸில் அனுப்பியிருந்தார்கள். பொட்டாசியம் 6.9. உண்மையென்றால் எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம்.

நான் கவரில் போட்டு நீட்டிவிட்டேன். அண்ணை உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"நில்லுங்கோ தங்கச்சி, குடுக்காதீங்கோ! வெயிலுக்க பஸ்ஸில வந்த ரத்தம். செல் உடைஞ்சாலும் இப்பிடிக் கூடிக் காட்டும்."

பிறகு அந்தப் பிள்ளையிடம், "வாப்பா எங்க இப்ப?" என்றார்.

"வெளியில ஆட்டோக்குள்ள இரிக்கார். நல்லாத்தான் இரிக்கார்… ஏன், என்ன?"

அவரைக் கூட்டிவந்து கதிரையில் இருத்தி, புதிதாக இரத்தம் எடுத்து, அந்தக் கையோடு மெஷினில் போட்டார். 4.2. வாப்பா சிரித்தார். மகள் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

இன்னொருவர் திரியாய் ஊர்க் கமக்காரர், வயல் செய்கிறவர். வருடத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்க்க வருவார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற டெஸ்ட் அது.

0.7. அடுத்த வருடம் 0.9. அதற்கடுத்த வருடம் 1.2. மூன்றும் ரேஞ்சுக்குள்தான். கூடுதல் என்று காட்டுகிற 'H'-ஐ மெஷின் ஒன்றுக்கும் போடவில்லை. எல்லோருக்கும் அது நோர்மல்.

அண்ணை மட்டும் பேனாவை எடுத்து ரிப்போர்ட்டின் ஓரத்தில் எழுதினார்: "முந்தியவற்றோடு ஒப்பிடவும். கூடிக்கொண்டு வருகிறது."

அதற்கு முதலாளியிடம் ஏச்சு. "அன்ரன், நம்பர் குடுக்கிறதுதான் எங்கட வேலை. விளக்கம் சொல்லுறது டொக்டர்ட வேலை."

"ஓம் சேர். ஆனா வரிசையில நூறு பேர் நிக்கேக்க டொக்டர் எப்பிடிப் பழசைத் தேடிப் பாக்கிறது?"

அன்றிலிருந்து ரிப்போர்ட்டில் பேனா படக்கூடாது என்று சட்டம். அண்ணை வாயால் சொல்லத் தொடங்கினார். அந்தக் கமக்காரர் இப்போதும் சிறுநீரக கிளினிக்குக்குப் போய் வருகிறார். நன்றாக இருக்கிறார்.

சரி… இப்போது கோபத்துக்கு வருகிறேன்.

போன வருடம் அண்ணை மெலியத் தொடங்கினார். லாப்பின் மேல்மாடிப் படி ஏறினால் மூச்சு வாங்கும். நான் கரைச்சல் கொடுத்த பிறகு, ஒரு நாள் நான் பட்டியை இறுக்கிப் பிடிக்க, தன் கையில் தானே ஊசி குத்தி இரத்தம் எடுத்தார்.

ஹீமோகுளோபின் 10.1. ஆண்களுக்குப் பதின்மூன்றாவது இருக்க வேண்டும். இரும்புச்சத்து இல்லை.

"அண்ணை, ஐம்பத்தெட்டு வயசு ஆம்பிளைக்கு ரத்தம் எங்கால போகுது?" என்று கேட்டேன். வேறு யாருடைய ரிப்போர்ட்டாக இருந்தாலும் அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி அது.

"தவக்காலம்தானே தங்கச்சி, மச்சம் இறைச்சி ஒண்டும் சாப்பிடேல்ல."

கிளினிக்கில் டொக்டர் பேப்பரைப் பார்த்தாராம். மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்துக் குளிசை எழுதினாராம். வயிற்றில் கை வைக்கவில்லை, மலம் எப்படிப் போகிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணையும் வாய் திறக்கவில்லை.

ஊரிலுள்ள எல்லோருக்கும் வாயால் சொன்ன மனிதர்… தனக்கு மட்டும் சொல்லவில்லை!

மூன்று மாதம் கழித்து 11.3. "பாத்தீங்களோ, ஏறுது!" என்று பேப்பரை என் முகத்துக்கு நேரே ஆட்டினார். நானும் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை, நானும் சந்தோஷப்பட்டேன்.

குளிசையை விட்டதும் 9.4. பிறகு 8.2. அதற்குப் பிறகுதான் வேறொரு டொக்டர் குடலுக்குள் கமரா விட்டுப் பார்க்க அனுப்பினார். கட்டி. ஈரல் வரைக்கும் பரவியிருந்தது.

இன்று வீட்டில் அவருடைய மனைவி, றீற்றா அக்கா, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "கறுப்பாப் போகுது எண்டு எனக்குச் சொன்னவர். குளிசையால அப்பிடித்தான் எண்டும் சொன்னவர். ஆனா பிள்ளை… குளிசை தொடங்க முன்னமே கறுப்புத்தான்."

குடலுக்குள் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாய்த்தான் போகும். நான் குசினிக்குள் போய் அடுப்படியில் நின்றேன்.

வெளியே கதிரைகளில் இருந்தவர்கள் "திடீரெண்டு போயிட்டார் என்ன" என்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கேயும் மற்றப் போஸ்ட்களின் கமெண்ட்டில் அப்படித்தான் போடுகிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். பதினான்கு மாதம். நான்கு ரிப்போர்ட். நான்கையும் ரைப் செய்தது நான். முதலாவதிலேயே எனக்கு விளங்கியது. ஒருமுறை கேட்டேன், அவர் தவக்காலம் என்றார், நான் விட்டுவிட்டேன்.

நாளை பின்னேரம் மூன்று மணிக்கு வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். பழைய லாப் ஆட்கள் யாராவது இதைப் பார்த்தால் வாருங்கள். றீற்றா அக்கா தனியாக நிற்கிறார்.

அண்ணை… நான் உங்களோட கோவம். சரியான கோவம்.

போயிட்டு வாங்கோ.