மூன்றாவது பிரதி

தீவுக்காரர்கள் மூன்று சதவீத வரியில் பேச்சைத் தொடங்கி, எட்டு வரை விட்டுக்கொடுப்பதாக இருந்தார்கள். மறுநாள் காலை, அவர்கள் வாய் திறக்குமுன்பே ஆளும் நாட்டு அதிகாரி "எட்டு" என்றார்.

அந்தத் தீவுக்கு இன்னும் விடுதலை இல்லை. அதன் மீனுக்கு ஆளும் நாடு போடும் இறக்குமதி வரியைக் குறைப்பதற்கான பேச்சுவார்த்தை அது. இரு தரப்புக்கும் பொதுவான இடமாகக் கேளம்பாக்கத்தில் ஓர் ஓட்டலைப் பிடித்திருந்தார்கள். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற நான், தாம்பரத்திலிருந்து தினமும் போய் ஏற்பாடுகளைக் கவனித்தேன்.

தீவுக் குழுத் தலைவர் என்னைத் தனியே அழைத்து, எண் எப்படி வெளியே போனது என்று கேட்டார். அந்த எண் இருந்த குறிப்புத் தாளை டைப் செய்து ஜெராக்ஸ் எடுத்தவள் குமுதா, கோவளத்து மீனவர் வீட்டுப் பெண். சந்தேகப்பட எனக்கு அது போதுமானதாக இருந்தது. அவளைக் கூப்பிட்டேன்.

"உங்க வீட்ல மீன் ஏலம் எடுக்கறாங்க இல்ல?"

"ஆமா சார். அதுக்கு இன்னா? எங்கப்பா ஃபைபர் படக எடுத்துகினு அந்தத் தீவு வரிக்கும் பூடுவாரா?"

"கிண்டல் வேணாம். நாளைலேர்ந்து வர வேணாம்."

"நான் இன்னா தப்பு பண்ணேன்னு சொல்லுங்க சார், போறேன்."

நான் கதவைக் காட்டினேன். அவள் போய்விட்டாள்.

அன்று பிற்பகல், ஓட்டலில் எனக்குக் கொடுத்திருந்த அறையின் அலமாரியிலிருந்து அந்தத் தாள் இருந்த கோப்பை எடுத்தேன். இரண்டு பிரதிகள் மட்டுமே எடுக்கச் சொல்லியிருந்தார்கள். அலுவலகப் பழக்கத்தில், 'ஆபீஸ் காப்பி' என்று மூன்றாவதாக ஒன்றை நானே எடுத்து வைத்திருந்தேன். அதைக் கோப்பில் கட்டிய டேக் கயிறு, நான் ஒருபோதும் கோக்காத விதத்தில், பின்னாலிருந்து முன்னால் கோத்திருந்தது. முதல் நாள் மாலை அந்த அதிகாரியை என் அறையில் தனியே உட்காரவைத்துவிட்டு, அவருடைய டிரைவரைத் தேடிப் போனவன் நான்தான்.

கையெழுத்துக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது. இதைச் சொல்லியிருந்தால் தீவுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கலாம். குமுதாவும் திரும்பி வந்திருப்பாள். எனக்கு இப்படி ஒரு வேலை மறுபடி கிடைத்திருக்காது. பேசாமல் இருந்தேன்.

எட்டிலேயே கையெழுத்தானது. தீவுத் தலைவர் என் கைகளைப் பிடித்து, அந்தப் பெண்ணை உடனே அனுப்பியதற்கு நன்றி சொன்னார். "என் கடமை" என்றேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரகசியம் கசிந்தால், தாளைத் தொட்டவர்களின் பெயர்களை எழுதுங்கள். முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள். நான் ஒரே பெயரைத்தான் எழுதினேன்.