கல்லாற்றுத் தவளைகளைப் பற்றி நானே பேசினேன்

இன்று திருவனந்தபுரத்தில் ஒரு நூலக அரங்கில் கல்லாற்றுத் தவளைகளைப் பற்றிப் பேசினேன்.

எனக்கு ஆட்டிசம். வாயால் பேச வராது. டேப்லெட்டில் தட்டினால் அது குரல் கொடுக்கும்.

மேடையேறும் முன் அமைப்பாளர் என் அம்மாவிடம் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார்: "சேச்சி, மோள் தட்டி முடிக்க நேரமாகும் கேட்டோ. நீங்களே வாசிச்சிடுங்க. மோள் பக்கத்துல நின்னா போதும்."

நான் தட்டினேன்: "அம்மாவுக்குத் தவளைன்னாலே பயம். நான்தான் பேசுவேன். காத்திருங்க."

காத்திருந்தார்கள். கேள்விகளுக்கும் நானே பதில் சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை.

முடிந்ததும் அமைப்பாளர் மறுபடியும் அம்மாவிடமே, "மோள் அடுத்த மாசமும் வருவாளா?" என்றார்.

நான் ஒலியை முழுதாகக் கூட்டினேன்.

"என்கிட்ட கேளுங்க."

கேட்டார்.

"வரேன். ரெண்டு மடங்கு நேரம் வேணும்" என்றேன். சரி என்றார்.

உங்கள் ஊரிலும் காத்திருக்கத் தெரிந்த மேடை இருந்தால் சொல்லுங்கள். தவளைகளோடு வருகிறேன்.