சுவிட்ச்போர்டுக்கு ஒரு விதி

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிறது என்று ஊரே பேசிக்கொண்டிருந்த காலம். கடலோரப் பகுதியான பண்டார் ஹிலிரில் ஒரு ரப்பர் ஏற்றுமதிக் கம்பெனியில் கோப்புகளை அடுக்கும் வேலை எனக்கு. எங்கள் வீடு இருந்த காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் போவேன். அப்பா முனிசிபல் லாரி ஓட்டினார், தாத்தா தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிப் பால் எடுத்தவர். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் நான்.

கம்பெனியின் முன்கூடத்தில் ஒரு சுவிட்ச்போர்டு இருந்தது. வெளியிலிருந்து வரும் டெலிபோன் அழைப்பெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே போகும். அதில் உட்கார்பவள் எப்போதும் வெள்ளைக்காரப் பெண்ணாகவோ, வெள்ளைக்காரக் கலப்புள்ள யுரேஷியப் பெண்ணாகவோதான் இருப்பாள். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதப்படவில்லை. எழுதாத சட்டத்தை எதிர்த்து எப்படி வழக்காடுவது?

ஒரு மழைக்காலத்தில் அந்தப் பெண் டைபாய்டில் படுத்துவிட, இங்கிலீஷ் பள்ளியில் படித்தவள் என்று என்னை அங்கே உட்கார வைத்தார்கள். சிங்கப்பூர், பினாங்கு வியாபாரிகள் எல்லாரும் என்னோடு பேசினார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து அவள் வேலையை விட்டுவிட்டாள். அந்த இடத்துக்கு நான் மனுப் போட்டேன்.

மேனேஜர் துரை கூப்பிட்டார். என் உச்சரிப்பு வாடிக்கையாளர்களுக்குப் புரியாது என்றார்.

"இத்தனை வாரமும் புரிந்ததே, சார்?"

அவர் சன்னல் பக்கம் பார்த்தார். "முன்கூடத்துக்கு ஒரு தோற்றம் வேண்டும்."

அறையை விட்டு வெளியே வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. காது மட்டும் சூடாக இருந்தது. டெலிபோனில் பேசுகிறவளுக்கு எதற்குத் தோற்றம்?

அந்த வாரமே குமாஸ்தாக்கள் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். காப்பிக்கடை மாடியில் நடக்கும், எல்லாம் ஆண்கள். எங்கள் கம்பெனியின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிதான் சங்கச் செயலாளர். நான் எழுந்து சொன்னேன்: "காலியிடம் வந்தா எல்லாரும் பாக்கிற மாதிரி பலகையில போடணும். சுவிட்ச்போர்டு வேலைக்குப் பரீட்சை டெலிபோன்லயே நடக்கட்டும். மார்க் போடறவங்க வேற அறையில உக்காரட்டும். பேரு வேணாம், நம்பர் போதும். வேணாம்னு தள்ளினா ஏன்னு எழுதிக் குடுக்கணும்."

சிலர் சிரித்தார்கள். சீனத் தட்டச்சர் ஒருவர் சிரிக்கவில்லை. காரணம் சொல்லாமல் தள்ளப்பட்ட கதை அவருக்கும் ஒன்று இருந்தது. மூலையில் இருந்த மலாய்க் குமாஸ்தாவுக்கும் இருந்தது.

மறுநாள் பெரிய கிராணி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "துரைகிட்ட பேசிட்டேன்மா. அந்த வேலைய உனக்கே குடுக்கச் சம்மதிச்சிட்டாரு. கூட்டத்துல சொன்னத மட்டும் விட்டுடு."

"எனக்கு அப்புறம் வர்றவளுக்கு யாருங்க ஐயா பேசுவாங்க?"

"அது அப்ப பாத்துக்கலாம் லா."

"அப்ப எனக்கு வேணாம்."

வீட்டில் சொன்னதும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார். "கையில வந்தத வேணாம்னிட்டு வந்திருக்க. உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?"

அம்மாதான் பதில் சொன்னாள். "அவ கேட்டது ஒண்ணு, அவங்க குடுக்கிறது ஒண்ணு. எப்படி வாங்குவா?"

அப்பா அதற்கப்புறம் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்கூடத்துக்கு இன்னொரு யுரேஷியப் பெண் வந்தாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நான் கோப்பறைக்கே திரும்பி, ஒவ்வொரு கூட்டத்திலும் அதே பேச்சை எழுந்து பேசினேன். சிரிப்பு மெல்லக் குறைந்தது.

சுதந்திரம் வந்த பிறகு நடந்த சம்பளப் பேச்சில் என் கோரிக்கையையும் சங்கம் சேர்த்துக்கொண்டது. கப்பலேற்றும் நேரத்தில் வேலைநிறுத்தம் வந்தால் கம்பெனிக்கு நஷ்டம். துரை முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

சுவிட்ச்போர்டில் அடுத்து இடம் காலியானதும் அப்படியே பரீட்சை நடந்தது. நானும் மனுப் போட்டேன். முதலாவதாக வந்தவள் எங்கள் காஜா பெராங்குச் செட்டிப் பெண்; பல தலைமுறைக்கு முன்பே வந்து மலாய்க்காரரோடு கலந்துவிட்ட தமிழர்கள் அந்தச் செட்டிகள். அவள் வீட்டில் பேசுவது மலாய், தமிழில் சில சொற்கள்தான் தெரியும். நான் இரண்டாவது.

"பாத்தியா?" என்றார் பெரிய கிராணி. "அன்னிக்கே எடுத்திருந்தா இது உன்னோடது."

வயிறு எரியத்தான் செய்தது. பொய் சொல்ல மாட்டேன். அன்று வேலை முடிந்து வீடு போகும் வழியெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டேன். ஆனால் மறுநாள் காலை மலாய்ப் பெண்களைப் போலக் கைலியும் மேல்சட்டையுமாக சாரோங் கெபாயா அணிந்து அவள் வந்து நின்றதும், துரையின் முகம் மாறியது. இந்த உடை முன்கூடத்துக்குச் சரிவராது, அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்றார். அடுத்த ஆள் நான்தான்.

நான் நேராக முன்கூடத்துக்குப் போனேன். "விதியில் உடையைப் பற்றி ஒன்றுமில்லை, சார். இவள்தான் முதலாவது."

சீனத் தட்டச்சரும் மலாய்க் குமாஸ்தாவும் என் பின்னால் வந்து நின்றார்கள். கடைசியில் பெரிய கிராணியும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்து வந்தார். துரை எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் என்னிடம் மலாயில் மெதுவாகக் கேட்டாள்: "நான் உட்காரலாமா?"

"என்னை ஏன் கேட்கிறாய்? உட்கார்."

மறு வருஷம் இன்னொரு சுவிட்ச்போர்டு வந்தது. பரீட்சை வைத்தார்கள், நான் தேறினேன். எனக்கு அந்த வேலையை முழுசாகக் கற்றுக்கொடுத்தவள் அந்தச் செட்டிப் பெண்தான். நல்ல கண்டிப்புக்காரி.