வருகிற வெள்ளிக்கிழமை

எங்கள் பள்ளிக்கூடத்து மைக்குக்கு ஒரு வாசனை உண்டு. வாய்க்கு நேரே பிடித்தால் முதலில் துருப்பிடித்த கம்பி வலையின் வாசனை வரும். அதற்கடியில், நமக்கு முன்னால் பேசிவிட்டுப் போன பிள்ளைகள் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்த இட்லி, வெங்காயச் சட்னி, டீயில் நனைத்த ரஸ்க், நேற்று மிஞ்சிய கறிக்குழம்பு எல்லாம் கலந்து ஒரு நெடி வரும். "மைக்க முழுங்கிடாத, தள்ளி நின்னு பேசு" என்று டீச்சர்கள் கத்திக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் நாங்கள் உதடு படப்படத்தான் பேசுவோம், அப்போதுதான் குரல் தெருக்கோடி வரை போகும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

திருச்சி மலைக்கோட்டைக்குப் பின்பக்கம், பாத்திரக் கடைகளும் அத்தர் கடைகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் தெருவில், ஒரு வாதாம் மரமும் அதைச் சுற்றி ஐந்து வகுப்பறைகளுமாக இருந்த சின்னப் பள்ளிக்கூடம் அது. மாடிச் சுவரில் தெருவைப் பார்த்தபடி ஒரு கூம்பு ஸ்பீக்கர் மாட்டியிருந்தது. எல்லாரும் அதைக் "கொழா" என்பார்கள். காலையில் பிரார்த்தனையும் பேப்பர் செய்தியும் முடிந்ததும் தினம் ஒரு பிள்ளை மைக் முன்னால் போய் நின்று, "அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், எங்கள் வீட்டுச் செய்தி" என்று ஆரம்பித்துத் தன் வீட்டில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பேப்பர் செய்திக்குத் தலையைக்கூடத் தூக்காத தெரு, வீட்டுச் செய்திக்கு மட்டும் காது கொடுக்கும். டீக்கடையில் தம்ளர் அலம்பும் சத்தம் நிற்கும். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, யார் அக்காவைத் தொட்டியத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள் என்பதெல்லாம் எங்கள் தெருவுக்குக் கொழா வழியாகத்தான் தெரியவரும். ஒரு தடவை மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், தன் மாமா கடையில் மிச்சமான பிரியாணியை மறுநாள் சூடாக்கி விற்றதை மகிழ்ச்சியோடு அறிவித்துவிட, அந்த மாமா செருப்புக்கூடப் போடாமல் கேட்டுக்கு ஓடிவந்தார்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் தலைமை ஆசிரியை ரெங்கநாயகி டீச்சர். எங்களுக்குப் "பெரிய டீச்சர்". ஸ்ரீரங்கத்திலிருந்து ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் தினமும் வருவார். நெற்றியில் ஒற்றைச் சிவப்புக் கோடு, கையில் டிபன் கேரியர். காகிதத்தைப் பார்த்துப் படிக்கக் கூடாது, வாயால் சொல்ல வேண்டும், நல்ல செய்தி மட்டுமே சொல்ல வேண்டும் என்பவை அவர் வைத்த விதிகள். "அழறதுக்கு நாள் கெடக்கு கொழந்தே, நம்ம மைக்ல சந்தோஷம் மட்டுந்தான்" என்பார். எங்கள் தெருவில் மரணச் செய்தியைப் பள்ளிவாசல் மைக்கில்தான் சொல்வார்கள். ஆக, எங்கள் குடும்பங்களின் நல்லது ஒரு மைக்கிலும் கெட்டது இன்னொரு மைக்கிலுமாகத் தெருவுக்கு வந்துகொண்டிருந்தன, இரண்டும் ஒன்றோடொன்று கலந்ததில்லை.

அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா சவூதியில், தம்மாமில், லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் போன் இல்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து எதிர்க்கடை காதர் பாயின் பாத்திரக்கடைக்குப் பேசுவார். ஹாஜரா மாமி, காதர் பாயின் மனைவி, கீழிருந்தே குரல் கொடுப்பார், நானும் அம்மாவும் படியில் தடதடவென்று இறங்கி ஓடுவோம். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, டிக்கெட் போட்டாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கிழமை நம் வீட்டில்தான் சாப்பாடு என்று அத்தா சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் முறை வர இன்னும் நாள் இருந்தும் பெரிய டீச்சரிடம் கெஞ்சி அந்தத் திங்கட்கிழமையை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு முழுக்க அடுப்படி வாசலில் நின்று கரண்டிக் காம்பைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே திருத்தினாள். "வருகிறார்னு சொல்லாதம்மா, மரியாதையா வருகிறார்கள்னு சொல்லு" என்றாள். சாமான் பட்டியலை நான் நீட்டிக்கொண்டே போனபோது, "தெருவே கேக்கும், கண்ணு பட்டுடும், பேனாவோட நிறுத்திக்க" என்று சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் செய்தி இப்படி முடிவானது: "எங்கள் அத்தா வருகிற வெள்ளிக்கிழமை தம்மாமிலிருந்து வருகிறார்கள். எனக்கு மை பேனா கொண்டு வருகிறார்கள். நன்றி."

மறுநாள் நான் மைக் முன்னால் போய் நின்றபோது என் அத்தா உயிரோடு இல்லை. விடியற்காலையில் நெஞ்சுவலி வந்து, தங்கியிருந்த அறையிலேயே இறந்துபோயிருந்தார். செய்தி சொல்லும் பிள்ளை சீக்கிரமே வந்து பெரிய டீச்சரிடம் ஒரு தடவை ஒப்பிக்க வேண்டும் என்பதால் நான் முன்னதாகவே பள்ளிக்குப் போய்விட்டேன். நான் போன பிறகுதான் காதர் பாயின் கடைக்குப் போன் வந்திருக்கிறது. மணி அடிப்பதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. தெரியாதவள் நான் ஒருத்திதான்.

ஹாஜரா மாமி கேட்டுக்கு வந்து பெரிய டீச்சரைக் கூப்பிட்டுப் பேசியதை நான் பார்த்தேன். பேசிவிட்டுப் போனவர் கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார், டீச்சரிடம் இன்னும் ஏதோ சொன்னார், முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு போய்விட்டார். பெரிய டீச்சர் என்னிடம் வந்து முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார், ரிப்பனைச் சரிசெய்தார். "நான் ஒப்பிக்கட்டுமா டீச்சர்?" என்று கேட்டேன். "வேண்டாம்டி ஜமீலா. நேரா மைக்லயே சொல்லிடு" என்றார்.

மைக் ஸ்டாண்டை அவரே என் உயரத்துக்கு இறக்கிவிட்டார். காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தெரு தெரிந்தது. டீக்கடைக்காரர் ரேடியோவை அணைத்திருந்தார். கடைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் காதர் பாய் தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். வேனிலிருந்து குடங்களை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் கையில் பிடித்த குடத்தோடு அப்படியே நின்றார்கள். இத்தனை பேரும் என் அத்தா வருவதைக் கேட்கத்தான் நிற்கிறார்கள் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. உதட்டை மைக்கில் ஒட்டவைத்துக்கொண்டு, மலைக்கோட்டை உச்சிக்கே கேட்கிற மாதிரி சொன்னேன், ஒரு வார்த்தை தவறவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கை தட்டினார்கள். எப்போதும் முதல் ஆளாகத் தட்டும் பெரிய டீச்சர் அன்று அவர்கள் ஓய்ந்த பிறகு தனியாகத் தட்டினார். தட்டிக்கொண்டே "ரெங்கா, ரெங்கா" என்று முணுமுணுத்ததையும் மைக் பிடித்துத் தெருவுக்குக் கொண்டுபோனது.

பிறகு என்னைத் தன் அறையில் உட்காரவைத்துக்கொண்டார். மன்னார்புரத்திலிருந்து என் மாமு, அம்மாவின் தம்பி, வந்து கூட்டிப் போனார். வழியில் வாசல்தோறும் நின்ற பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போனார்கள். வீட்டில் அம்மா என்னை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அத்தா மவுத்தாயிட்டாங்கம்மா" என்றாள். அதன் பிறகுதான் மாமு ஜன்னலில் நின்று கீழே நின்றவர்களைப் பார்த்துத் தலையசைத்தார், அதன் பிறகுதான் பள்ளிவாசல் மைக் கரகரத்து என் அத்தாவின் பெயரைச் சொன்னது. நான் வீட்டுக்கு வந்து சேரும் வரைக்கும் அதை நிறுத்தி வைத்திருந்தார்கள். அத்தாவை அங்கேயே அடக்கம் செய்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது, மையித்தாகக்கூட அவர் வரவில்லை.

வளர வளர எனக்குப் பெரிய டீச்சர் மேல்தான் கோபம் ஏறியது. ஹாஜரா மாமி கேட்டுக்கு வந்தது எதற்கு என்று புரிகிற வயது வந்தபோது, எல்லாம் தெரிந்தும் இந்த அம்மாள் என்னை மைக்கில் ஏற்றிவிட்டாரே, தெரு முன்னால் என்னைக் கோமாளி ஆக்கிவிட்டாரே என்று வயிறு எரிந்தது. அதன் பிறகு நான் அந்த மைக்கைத் தொடவில்லை. அவரும் ஏன் என்று கேட்கவில்லை, தன் பக்கத்து நியாயம் எதையும் சொல்லவும் இல்லை. ஓய்வுபெற்று, சில வருடங்களில் ஸ்ரீரங்கத்திலேயே காலமானார்.

போன வருடம் பிள்ளைகள் சேரவில்லை என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். நான் இப்போது இருப்பது மன்னார்புரம் பக்கம்; அம்மா மட்டும் அந்த மாடி வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறாள். சென்ற மாதம் பார்க்கப் போயிருந்தபோது பழைய இரும்புக்காரர்கள் பள்ளியில் சாமான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சுகள், மணி, கடைசியாகக் கொழா. ஒரு ஆள் ஏணியில் ஏறி போல்ட்டைக் கழற்றினான், துருவும் குருவிக்கூடும் கொட்டின. அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள்.

"ஒருவழியா ஒழிஞ்சுது" என்று நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பெரிய டீச்சரையும் சேர்த்து ஏதோ சொன்னேன்.

"அவங்கள ஏம்மா ஏசுற?" என்று அம்மா திரும்பினாள். "ஹாஜராகிட்ட அவங்க கேட்டு அனுப்புனாங்க, இன்னிக்கு நிப்பாட்டிடட்டுமான்னு. நாந்தான் வேணாம், புள்ள சொல்லட்டும்னு சொல்லி அனுப்புனேன். உங்கிட்ட சொல்ல வேணாம்னதும் நாந்தான்."

"ஏம்மா?" என்றேன்.

"நீ நேத்தெல்லாம் சொல்லிப் பாத்தப்ப எவ்ளோ நல்லா இருந்துச்சு. அவங்க வர்றாங்கன்னு இன்னும் ஒரு தடவ காதால கேட்டுக்கலாம்னு இருந்துச்சும்மா. அதுக்கப்புறம் எனக்கு யாரு சொல்லப் போறா?" என்றாள். நேற்று என்றுதான் சொன்னாள்.

நான் அழுதேன். இத்தனை வருடம் பெரிய டீச்சர் மேல் வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை. கீழே கொழாவை வண்டியில் போட்ட சத்தம் கேட்டது. இப்போது எங்கள் தெருவுக்குப் பிறப்பும் இறப்பும் போனில் ஒரே குழுவில், ஒரே சத்தத்தோடு வந்து விழுகின்றன; யாரும் கை தட்டுவதும் இல்லை, தம்ளர் அலம்புவதை நிறுத்துவதும் இல்லை.

"உனக்கு அது இன்னும் ஞாபகம் இருக்கா?" என்று அம்மா கேட்டாள். காது இப்போது அவளுக்குச் சரியாகக் கேட்பதில்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, உதடு காதில் படுகிற மாதிரி சொன்னேன்: "அனைவருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டுச் செய்தி. எங்கள் அத்தா தம்மாமிலிருந்து வருகிறார்கள். எனக்கு மை பேனா கொண்டு வருகிறார்கள். நன்றி."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வருகிற வெள்ளிக்கிழமைன்னு வருமே" என்றாள். "அத விட்டுட்டியேம்மா."