புகையைப் பார்த்து அழுத்திய விரல்

என் மனைவி உடற்பயிற்சி ஆசிரியை. முப்பத்தொரு வருடம் பள்ளி மைதானங்களில் நின்றவள். மாணவிகள் அவளுக்கு வைத்த பெயர் ‘அரை நொடி டீச்சர்’. கையிலுள்ள ஸ்டாப்வாட்ச் சொல்வதைத் தவிர வேறெதையும் நம்பமாட்டாள். நான் கடைக்குப் போய்த் திரும்பினால் வாசலிலேயே எத்தனை நிமிடம் ஆனது என்று சொல்லிவிடுவாள். இப்படி ஒருத்தியோடு குடித்தனம் நடத்திய எனக்குத்தான் யாராவது பதக்கம் தந்திருக்க வேண்டும்.

ஓட்டப் பந்தயத்தில் நேரம் பார்ப்பவர்கள் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டு அழுத்தக் கூடாதாம். சத்தம் மைதானத்தைத் தாண்டி வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதனால் துப்பாக்கி முனையில் புகை தெரிந்ததும் அழுத்த வேண்டும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வாள். சொல்வதென்ன, கட்டைவிரல் தானாகவே செய்யும்.

அவள் ஓய்வு பெற்ற மறு வருடம் ஒரு தனியார் அறக்கட்டளை போட்டி ஒன்றை அறிவித்தது. நிலவில் இறங்கக்கூடிய சிறு கலம் ஒன்றை, அரசாங்க உதவி இல்லாமல், தனியார் குழுக்கள் செய்து காட்ட வேண்டும். தரையைவிட்டு எழும்பி, அந்தரத்தில் நூற்றெண்பது நொடி நின்று, பிறகு ஊன்றி இறங்க வேண்டும். கால்கள் தரையைவிட்டுக் கிளம்பியதிலிருந்து மறுபடி தரையைத் தொடும்வரை கணக்கு. நேரம் பார்க்கத் தரையில் மின்னணுக் கருவி பதித்திருந்தார்கள். அது பழுதானால் பார்த்துக்கொள்ளலாம் என்று உப்புக்குச் சப்பாணியாக மூன்று பேரை ஸ்டாப்வாட்ச்சோடு நிறுத்தினார்கள். ஒரு நீச்சல் பயிற்சியாளர், ஒரு சைக்கிள் பந்தய நடுவர், என் மனைவி. மூன்று நேரங்களில் நடுவில் வருவதே செல்லும் என்பது விதி.

மைதானத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, கடைசிக் குழுவின் என்ஜினுக்கு வால்வு செய்தவள் அவளுடைய பழைய மாணவி என்று. பள்ளியில் அவளை ‘மான்குட்டி’ என்பார்கள். அப்படி ஓடுவாள். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் மாவட்டத் தேர்வில் அரை நொடியில் தகுதி இழந்தாள். “அரை நொடிதானே டீச்சர்” என்று கெஞ்சினாள். “அரை நொடின்னா அரை நொடிதான்” என்றாள் என் மனைவி. அதோடு மான்குட்டியின் அப்பா ஓட்டத்துக்கு முழுக்குப் போடச் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சிலிருந்து வந்ததுதான் டீச்சரின் பட்டப் பெயர்.

என் மனைவி தலைமை நடுவரிடம் போய், “இந்தப் பொண்ணு என்கிட்ட படிச்சவ. நான் நிக்கலாமா?” என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, “உறவு இல்லையே, நில்லுங்க” என்றார்.

கலம் எழும்பியது. கிளம்பிய புழுதியில் தரைக் கருவியின் கண் மூடிக்கொண்டது. சப்பாணிகளுக்கு வேலை வந்துவிட்டது. நீச்சல்காரரின் கடிகாரத்தில் நூற்றெழுபத்தொன்பதே முக்கால். சைக்கிள்காரருடையதில் நூற்றெண்பதரை. என் மனைவியுடையதில் நூற்றெண்பதே கால். நடுவில் இருந்தது அவளுடையது. மான்குட்டியின் குழு ஜெயித்ததாக அறிவித்தார்கள். அந்தப் பெண் ஓடிவந்து என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அன்று வீடு திரும்பும்வரை என் மனைவி சிரித்த முகமாகவே இருந்தாள். எனக்கே அது புதிதாக இருந்தது.

எட்டாம் நாள் அவளுடைய பழைய பள்ளியில் விளையாட்டு விழா. கடிகாரம் பிடிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போயிருந்தேன். துப்பாக்கி முனையில் புகை வந்தது, அவள் அழுத்தினாள், பிறகு சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஓடி முடித்தும் அவள் கடிகாரத்தை நிறுத்தவில்லை. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னாச்சு?” என்றேன்.

“அன்னிக்கும் புகையைப் பார்த்துதாங்க அழுத்தினேன்.”

என்ஜின் பற்றியதும் முதலில் வருவது புகை. கலத்தின் கால்கள் தரையைவிட்டுக் கிளம்ப அதன் பிறகும் முக்கால் நொடியாவது ஆகும். அந்த முக்கால் நொடியும் அவள் கணக்கில் சேர்ந்துவிட்டது. அதைக் கழித்தால் நடுவில் வருவது நீச்சல்காரரின் நேரம். பரிசு இல்லை.

வீட்டுக்கு வந்ததும் எங்களுக்குள் சண்டை. “சும்மா இரு. இன்னொரு குழு நூத்தெண்பதைத் தொட்டிருந்தா சரி. யாரும் தொடல. அவங்களுக்குக் கிடைக்கலைன்னா பரிசு அறக்கட்டளையோட பெட்டியிலயே தூங்கும். யாருக்கு என்ன நஷ்டம்?” என்றேன். ஆட்சேபம் சொல்லப் பத்து நாள் தவணை. இன்னும் இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்பது என் கட்சி. அவளோ சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தலைமை நடுவருக்குக் கடிதம் எழுதினாள். நாலு வரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவளுடைய நேர்மைக்கு எப்போதும் வேறு யாராவதுதான் விலை கொடுக்கிறார்கள் என்றுகூடச் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

“தெரியும்” என்றாள். “அதனாலதான் முதல்ல அவகிட்ட காட்டணும்.”

மறுநாள் பகலில் போனோம். தகரக் கூரை போட்ட பட்டறை. மேசையில் வெள்ளைத் துணி விரித்து வால்வுகளைப் பிரித்து வரிசையாக வைத்திருந்தாள் மான்குட்டி. மூலையில் அந்தக் கலம், நான்கு காலிலும் கரி படிந்து, பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். என் மனைவி உட்காரவில்லை. கடிதத்தை நீட்டினாள்.

மான்குட்டி படித்தாள். முகம் மாறவில்லை.

“இது எனக்குத் தெரியும் டீச்சர். கலத்துக்குள்ள பதிவுக் கருவி இருக்கு. அதுல நூத்தெழுபத்தொம்பதரைதான். எங்க பதிவு செல்லாதுன்னு விதியில இருக்கு, அதனால யாரும் கேக்கல.”

“அப்ப ஏம்மா நீ சொல்லல?”

அவள் ஒரு வால்வை எடுத்துத் துடைத்தாள். “நீங்க தெரிஞ்சே குடுத்தீங்கன்னு நெனச்சேன். அன்னிக்கு எடுத்த அரை நொடியைத் திருப்பிக் குடுக்கறீங்கன்னு.”

என் மனைவி நின்ற இடத்திலேயே நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன என்று என் மனம் அடித்துக்கொண்டது. அவள் சொல்லமாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

“இல்லம்மா. பழக்கத்துல விரல் அழுத்திடுச்சு. நான் தெரிஞ்சு எதுவும் குடுக்கல.”

மான்குட்டி கடிதத்தை மேசைமேல் வைத்து, என் மனைவியின் கையெழுத்துக்குக் கீழே, பதிவுக் கருவி காட்டிய நேரத்தை எழுதித் தானும் கையெழுத்துப் போட்டாள். நாலு வருட உழைப்பு அது. மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னாள்:

“இந்த ஒம்பது நாளா உங்க மேல கோவமே இல்லாம இருந்தேன் டீச்சர். நல்லா இருந்துச்சு.”

கடிதத்தை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்தோம். அங்கிருந்த எழுத்தர் தேதி முத்திரை குத்தி, ரசீதை நீட்டினார். பேருந்தில் என் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அவளை எப்படியாவது சிரிக்க வைக்க வேண்டும் என்று, அலுவலகத்துக்குள் போய்வர எத்தனை நிமிடம் ஆனது என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றாள். கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, இங்க மூணு கடிகாரம் இருந்தும் தப்பாயிடுச்சு.”

“ஆமா.”

“அன்னிக்கு அவ ஓடினப்ப கடிகாரம் பிடிச்சது நான் ஒருத்திதான்.”

எங்கள் நிறுத்தம் வந்து இறங்கும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.