பாட்டு மிஞ்சிய கேசட்டுகள்

காலை ஆறரைக்குப் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். பழைய இந்திப் படப் பாட்டு என்றாலே ஊருக்கெல்லாம் தெரிந்த அதே இருபது பாட்டைச் சொல்லிச் சிலாகிக்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். ஓடாத படங்களில் வந்து, கேட்பாரில்லாமல் போன பாட்டுகளைத்தான் நான் தேடி அலைகிறேன். ஜெகதாப்பட்டினத்தில் மைமூன் பீவி என்பவர் வீட்டில், சவுதியில் வேலை பார்த்த கணவர் வாங்கிய கேசட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாக அலுவலக நண்பர் சொல்லியிருந்தார்.

அறந்தாங்கியில் பஸ் மாறினேன். டீ பன்னிரண்டு ரூபாய், வாயில் வைக்க முடியவில்லை. மணமேல்குடி வழியாகப் போகிற பஸ்ஸில் காலி ஐஸ் பெட்டியோடு ஒரு மீன் வியாபாரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மீன் எடுக்கவா போறீங்க?”

“இல்லங்க, பாட்டுக் கேக்க.”

“நல்ல ஆளுங்க நீங்க! சிலோன் நேவி புடிச்சிட்டுப் போனவங்கள விடலன்னு விசைப்படகு ஒண்ணும் கெளம்பல. நாட்டுப்படகுல ஏதும் வருமான்னு நானே நாயா அலையுறேன். அங்கிட்டு அழுகதான் கேக்கும்.”

பத்து மணிக்கு வீட்டைக் கண்டுபிடித்துவிட்டேன். மைமூன் பீவிக்கு அறுபது வயதிருக்கும். என் முகத்தைவிடக் கையிலிருந்த டேப் ரெக்கார்டரைத்தான் அதிகம் பார்த்தார். அவர்கள் வீட்டு டேப் உப்புக்காற்றில் துருப்பிடித்துப் போய் வெகுகாலமாகிறதாம்.

போன் வராத காலத்தில் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவது அந்தத் தெரு வழக்கம். கணவர் பாட்டுக் கேசட் வாங்குவார், கேட்டுச் சலித்ததும் அதன் மேலேயே பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவார். இவர் அதைக் கேட்டுவிட்டு, ஆரம்பத்துக்குச் சுற்றி, அதன் மேலேயே பதில் பேசித் திருப்பி அனுப்புவார். கணவர் சவுதியிலேயே இறந்து, அங்கேயே அடக்கமாகிவிட்டார். கேசட்டுப் பெட்டி மட்டும் வந்தது.

“அப்பக் கேக்கத் தைரியம் இல்ல. தைரியம் வந்தப்ப டேப் இல்ல,” என்றார். “பாட்டெல்லாம் ஒங்களுக்கு, தம்பி. நான் பேசி முடிச்ச பெறகு மச்சான் பேசுனது கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல? அது எனக்கு.”

“இருக்கும்க்கா,” என்றேன். கணவர் இவரைவிட நீளமாகப் பேசியிருந்தால் வால் பகுதி அழியாமல் இருக்கத்தானே வேண்டும்?

முதல் கேசட்டைப் போட்டேன். இளம்பெண் குரல்: “மச்சான், ஒங்க சேதி கேட்டேன்...” ஓட்டு வீடு ஒழுகுவது, மூத்தவளின் காய்ச்சல், மாமியாரின் ஏச்சு. பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். மைமூன் பீவி முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு காதை டேப்புக்குக் கொடுத்தார். சாரங்கி இழைய ஒரு பாட்டு பாதியிலிருந்து எழுந்தது. என் வாழ்நாளில் கேட்டிராத பாட்டு. நான் துள்ளிவிட்டேன்.

“அடுத்தது போடுங்க,” என்றார் அவர்.

அடுத்ததிலும் மைமூன் பீவியின் குரல், ‘டக்’, பாட்டு. அதற்கடுத்ததிலும் அப்படியே. ஒவ்வொன்றும் பொக்கிஷம். ஆனால் நாலாவது கேசட்டுக்குப் பிறகு, பாட்டு மட்டும் வந்துவிடக் கூடாதே என்று எனக்கே பதறத் தொடங்கியது. வந்தது. மறுபக்கம் திருப்பிப் போட்டால் ஆரம்பம் முதலே பாட்டு. அந்த ஆள் ஏன் இவ்வளவு சுருக்கமாகப் பேசித் தொலைத்தார் என்று முகம் தெரியாத அவர்மேல் கோபம் வந்தது.

கடைசிக் கேசட்டும் முடிந்தது. மைமூன் பீவி அழவில்லை.

“எல்லாத்துலயும் நான்தான் கூடப் பேசியிருக்கேன்,” என்றார். “மச்சான நானே அழிச்சிருக்கேன், தம்பி.”

பெட்டியை என் பக்கம் தள்ளினார். வேண்டாம் என்றேன். “இங்கிட்டு இருக்க வேணாம், எடுத்துட்டுப் போயிருங்க” என்று குரலை உயர்த்தினார். எடுத்து வந்தேன். திரும்பும் வழியெல்லாம் அந்தப் பெட்டி மடியில் கனத்தது.

எங்கும் கிடைக்காத பதினோரு பாட்டு இப்போது என் வீட்டில் இருக்கிறது. நண்பர்கள் கேட்டு நச்சரிக்கிறார்கள். பாட்டு வருவதற்கு முன் அந்த இளம்பெண் ஒவ்வொரு தடவையும், “வேற சேதி இல்ல மச்சான்” என்கிறாள். சொல்லிவிட்டு, சுண்ணாம்பு அடித்த கூலி, பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்று மேலும் பேசிக்கொண்டே போகிறாள். போதும், நிறுத்தும்மா என்று டேப்பைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருக்கிறது.